கட்டிப் போடறதுக்கு முன்னாடி

கடல்ல ஓடிக் கெட்ட போட்டைவிட, கரையில சும்மா நின்னு கெட்ட போட்டுங்கதான் நம்ம காசிமேட்ல ஜாஸ்தி, தங்கச்சி. ஏப்ரல் 14 ராத்திரி பன்னண்டு மணிக்கு மேல விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. ஜூன் 14 வரைக்கும் 61 நாள். 2001-ல இந்தத் தடைக்காலம் ஆரம்பிச்சப்ப 45 நாள்தான் இருந்துச்சு, 2017-லேர்ந்து 61 ஆக்கிட்டாங்க. மீன் குஞ்சு பொரிக்க அந்தப் பதினாறு நாள் கூடுதலா கிடைச்சது நல்லதுதான். ஆனா போட்டும் பதினாறு நாள் கூடுதலா உப்புலயும் வெயில்லயும் நிக்குது.

பாதிப் பங்குக்குப் போட்டு எடுத்து உங்களுக்கு இது மொதல் தடைக்காலம். "டிரைவர் பாத்துப்பான், மெக்கானிக் பாத்துப்பான்"னு மாப்பிள்ளை சொல்லுவாரு, கேட்டுக்காதே. கணக்கு முடிஞ்ச மறுநாளே டிரைவர் ஊருக்கு பஸ் ஏறிடுவான். ஆளுங்க கலைஞ்சிட்டா ஒரு பலகையைத் தூக்கக் கூட கை இருக்காது. அதனால நாள்கணக்கா கடல்ல தங்கிப் பிடிக்கற கடைசித் தங்கல் கணக்கு பாக்கறப்பவே ரெண்டு நாள் பேட்டாவைத் தனியா எடுத்து வெச்சு, "பொருளை இறக்கிக் குடுத்துட்டுப் போங்கப்பா"ன்னு சொல்லிடு. நான் சொல்லப் போறதுல முக்காவாசி வேலை மொத நாலு நாள்லயே முடியணும். பெயின்ட், பலகை மாத்தறது, பெரிய ரிப்பேர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஊர்ல எல்லாரும் இதைத் தலைகீழா பண்றாங்க. ஒன்றரை மாசம் சீட்டாடிட்டு, ஜூன் மாசம் பொறந்ததும் தச்சன் எங்கே, வெல்டர் எங்கேன்னு ஓடுவாங்க. அந்த நேரத்துல கூலியும் ஏறிடும், வேலையும் அரைகுறையாப் போயிடும்.

மொதல்ல சமையல் கட்டு. தங்கல் போட்டுன்னா அது ஓடற வீடுதானே. அடுப்பு இருக்கு, படுக்கை இருக்கு, தண்ணி டாங்க் இருக்கு, சாமி படம் இருக்கு. குளிர் நாட்டுல வண்டிக்குள்ளயே வீடு கட்டி வெச்சிருக்கறவங்க, பனி வர்றதுக்கு முன்னாடி பைப்புல இருக்கற தண்ணியை ஒட்ட வடிச்சிட்டுத்தான் வண்டியை நிறுத்துவாங்களாம். தண்ணி உறைஞ்சா நூத்துக்கு ஒம்பது பங்கு பெருத்துக்கும், பைப்பு வெடிச்சிடும். நமக்குப் பனி இல்ல, கத்திரி வெயில்தான். ஆனா வேலை அதேதான், எங்கெங்க தண்ணி நிக்குதோ அங்கெல்லாம் வடிச்சிடணும்.

கேஸ் சிலிண்டரை அன்னிக்கே இறக்கிடு. ரெகுலேட்டரை மட்டும் மூடிட்டு விட்டுடறவங்க நிறைய பேர். சிலிண்டர் கேஸ் காத்தைவிட கனம். கசிஞ்சா மேல போய்க் கலையாது, போட்டு அடியில இறங்கிப் படுத்துக்கும். ரெண்டு வாரம் கழிச்சு யாராவது வந்து ஸ்விட்சைப் போட்டா போதும். 2023 நவம்பர் 19-ஆம் தேதி ராத்திரி விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துல தீப்பிடிச்சு முப்பதுக்கு மேல போட்டுங்க எரிஞ்சுதே, டி.வி.ல பாத்தியே. ஒரு போட்டுல பிடிச்ச தீ பக்கத்துல பக்கத்துலன்னு தாவிடுச்சு, டீசலும் சிலிண்டரும் அதுக்குத் துணை போச்சு. தடைக்காலத்துல நம்ம ஹார்பர்ல போட்டுங்க எப்படி ஒட்டி ஒட்டி நிக்கும்னு உனக்கே தெரியும். உன் சிலிண்டரை இறக்கினா மட்டும் போதாது, ரெண்டு பக்கமும் கட்டியிருக்கற போட்டுக்காரங்ககிட்டயும் கேளு. சண்டைக்காரின்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.

அரிசி, பருப்பு, மிளகாத்தூள், பிஸ்கட்டுன்னு ஒரு பொட்டலம் விடாம இறக்கிடு. பொருள் இருந்தா எலி வரும். கட்டுன கயிறு மேலயே நடந்து வரும். அரிசி தீர்ந்ததும் ஒயரைக் கடிக்க ஆரம்பிக்கும். பூனை இருக்கேன்னு நினைக்காதே, காசிமேட்டுப் பூனைங்க எலியைத் திரும்பிக்கூட பாக்காது, மீன் தின்னு வளர்ந்ததுங்க. கட்டுற கயிறுல ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியை ஓட்டை போட்டுக் கோத்து விட்டுடு, பாதி எலி அங்கயே திரும்பிடும். பாய், தலகாணி, போர்வையை வீட்டுக்குக் கொண்டு வந்து மாடியில காய வை. தண்ணி டாங்க்கை வடிச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி, மூடியைத் தெறந்து வலைத்துணி கட்டி விடு.

அடுத்தது ஐஸ் பொட்டி. இதைப் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லுவேன், கோச்சுக்காதே. மீன் இறக்கினதும் மேலோட்டமா தண்ணி அடிச்சு மூடிட்டா, மூலையில ரத்தமும் செதிலும் ரெண்டு குட்டி மீனும் நிச்சயம் கிடக்கும். ரெண்டு மாசச் சூட்டுல அது அழுகி விஷ வாயு கட்டும். மொதல்ல அழுகின முட்டை நாத்தம் வரும், அப்புறம் வராது. நாத்தம் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, மூக்கு மரத்துப் போச்சுன்னு அர்த்தம். அப்படி இறங்கினவன் அங்கயே விழுவான், அவனைத் தூக்கப் போறவனும் விழுவான். அதனால இப்பவே ஒட்டச் சுரண்டி, சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, சோப்பு முழுசாப் போனப்புறம் பிளீச்சிங் தண்ணி தெளிச்சு, ரெண்டு நாள் நல்லாக் காய விடு. பிளீச்சிங்கோட ஆசிட்டை மட்டும் கலந்துடாதே, அதுவும் விஷக் காத்துதான். மூடியை இறுக்கிப் பூட்டாம ஒரு கட்டையைச் சொருகி காத்து போக வழி விட்டு, மேல மழை இறங்காம தார்ப்பாய் போடு. ஜூன்ல மறுபடி தெறக்கறப்ப ஒரு மணி நேரம் முழுசாத் தெறந்து, ஃபேன் வெச்சு ஊதி விட்டப்புறம்தான் ஆள் இறங்கணும், மேல ஒருத்தர் நின்னுகிட்டே இருக்கணும். இதே விதிதான் போட்டு அடியில தண்ணி தேங்குற இடத்துக்கும்.

இன்ஜினைப் பத்தி பொம்பளைக்கு என்ன தெரியும்னு கேப்பாங்க. மெக்கானிக்குக்குக் காசு எண்ணிக் குடுக்கறது நம்ம கைதானே, தெரிஞ்சு வெச்சுக்கோ. நம்ம ஊர் போட்டுங்கள்ல நிறைய லேலண்ட் இன்ஜின். 1948-ல நம்ம எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ்னு ஆரம்பிச்ச கம்பெனி. லாரிக்குன்னு வந்த ஜாதி இன்ஜினைக் கடலுக்கு ஏத்த மாதிரி மாத்தியிருப்பாங்க. லாரி ஓடறப்ப எதிர்க்காத்து ரேடியேட்டர்ல அடிச்சு சூட்டைத் தணிக்கும். போட்டுல கடல் தண்ணிதான் உள்ள வந்து சூட்டை எடுத்துகிட்டு வெளிய போகும். இன்ஜினை நிறுத்தினதும் அந்தத் தண்ணி குழாய்க்குள்ளயே நின்னு, காஞ்சு, உப்பு பூத்துடும். கொஞ்ச நாள்ல குழாய் அடைச்சுக்கும், அரிச்சும் போகும். அதனால கடல் தண்ணி வால்வை மூடிட்டு, உறிஞ்சுற ஹோஸை ஒரு டிரம் நல்ல தண்ணில விட்டு, இன்ஜினை மெதுவா ஓட விடணும். வெளிய வர்ற தண்ணியை விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாரு, உப்புக் கரிக்காத வரைக்கும் ஓடணும். டிரம்முல தண்ணி தீர விட்டுடாதே, தண்ணி இல்லாம ஓடினா பம்புக்குள்ள இருக்கற ரப்பர் விசிறி நிமிஷத்துல கருகிடும். முடிச்சதும் மீதித் தண்ணியை வடிச்சிடு. வால்வு மூடியிருக்குன்னு ஒரு அட்டையில எழுதி ஸ்டியரிங்லயே கட்டிடு, ரெண்டு மாசம் கழிச்சு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆயில் மாத்தறது எப்போன்னு ஒரு வாதம் உண்டு. "கடலுக்குப் போறதுக்கு முன்னாடி மாத்திக்கலாம், இப்ப எதுக்கு வீணா"ம்பாங்க. ஓடின ஆயில்ல கரியும் அமிலமும் கலந்திருக்கும். அதோட இன்ஜினை நிறுத்தறது, மிச்சப் புளிக்குழம்போட அலுமினியச் சட்டியைக் கழுவாம மூடி வெக்கிற மாதிரி. நிறுத்தறதுக்கு முன்னாடியே, இன்ஜின் சூடா இருக்கறப்பவே வடிச்சு, ஃபில்டரும் மாத்தி, புது ஆயில் ஊத்தி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நிறுத்து. வடிச்ச ஆயிலை கேன்ல பிடிச்சு பழைய ஆயில் வாங்கறவங்களுக்குப் போட்டுடு, நாலு காசு வரும். ஹார்பர் தண்ணில ஊத்தற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, மறைக்க வேணாம். 2017 ஜனவரில எண்ணூர்ப் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்ப வாளி வாளியா அள்ளினோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவி வலை, போட்டு, இறால் எல்லாம் நாசமாப் போனப்ப ரோட்டுல உக்காந்தோம். அந்த வாயால எண்ணெய்க் கம்பெனியைக் கேட்டுட்டு இந்தக் கையால நாமளே ஊத்தக் கூடாது.

டீசல் டாங்க் பாதி நிரம்பி நிக்கறதுதான் ரொம்ப மோசம். காலி இடத்துல இருக்கற ஈரக் காத்து ராத்திரி குளிர்ந்து சொட்டுச் சொட்டா இறங்கி அடியில சேரும். அந்தத் தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல கிருமி வளர்ந்து கருப்பா வழவழன்னு கசடு கட்டும், கடல்ல போய் ஃபில்டர் அடைச்சா நடுக்கடல்ல இன்ஜின் நிக்கும். வாட்ச்மேன் இருக்கற வரிசையில கட்டியிருந்தா டாங்க்கை கழுத்து வரைக்கும் ரொப்பி மூடிக்குப் பூட்டு போடு, இல்லேன்னா திருட்டு போகும். வாட்ச்மேன் இல்லேன்னா முழுசா இறக்கிடு. ரெண்டுல ஒண்ணு. புகைக்குழாய் வாயையும் காத்து இழுக்கற வாயையும் துணியால மூடு, மூடினதுக்கு அடையாளமா சிவப்புத் துணி ஒண்ணைத் தொங்க விடு.

"வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டா போதும்"னு பெரியவங்க சொல்லுவாங்க. என்னைக் கேட்டா அது வேணாம். அஞ்சு நிமிஷத்துல இன்ஜின் சூடேறாது, உள்ள ஈரம்தான் கூடும். ஓட்டறதுன்னா கியர் போட்டு அரை மணி நேரம் நல்லா சூடேற ஓட்டு, ஓட்டினா மறுபடி நல்ல தண்ணில அலசணும். முடியாதுன்னா ஓட்டாதே, கையால ஃப்ளைவீலைக் கொஞ்சம் சுத்தி வேற நிலையில நிறுத்தினா போதும்.

பேட்டரியைக் கழட்டறப்ப நெகட்டிவ் ஒயரை மொதல்ல எடு, மாட்டறப்ப பாசிட்டிவ் மொதல்ல. முனையைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவி, துடைச்சு, வாஸ்லின் தடவு. டிஸ்டில்டு வாட்டர் பாத்து ஊத்திட்டு மாசம் ஒரு தடவை சார்ஜ் போடு. கத்திரி வெயில்ல சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கும், முழுசா இறங்கின பேட்டரி மறுபடி பழைய நிலைக்கு வராது. சமையல் கட்டுல வெச்சு சார்ஜ் போடாதே, அது விடற கேஸ் தீப்பிடிக்கும். ஜி.பி.எஸ்., எக்கோ, வயர்லெஸ் செட் எல்லாத்தையும் கழட்டி, எந்த ஒயர் எங்கன்னு செல்போன்ல போட்டோ பிடிச்சுகிட்டு வீட்டுக்குக் கொண்டு வா. சர்க்கார் குடுத்த டிரான்ஸ்பாண்டரை மட்டும் நீயே கழட்டாதே, மீன்வளத் துறை ஆபீஸ்ல கேட்டுக்கோ.

இப்ப போட்டோட உடம்பு. கிரேன்ல கரை ஏத்தினா, ஏத்தின அன்னிக்கே கீழ ஒட்டின சிப்பியைச் சுரண்டணும். ஈரமா இருக்கறப்ப தேய்ச்சா வரும், ஒரு வாரம் காய விட்டா சிமென்ட் ஆயிடும், அப்புறம் உளி வெச்சு அடிச்சுப் பலகையும் சேர்ந்து பேரும். மரப் போட்டுன்னா வெயில்ல விடாதே. பலகை காஞ்சு சுருங்கி இடுக்கு விரியும், தண்ணில இறக்கினதும் நாலா பக்கமும் ஒழுகும். மேல பந்தல் மாதிரி படுதா, பக்கவாட்டுல நனைச்ச கோணி, நாளைக்கு ரெண்டு வேளை தண்ணி. கடல் தண்ணியே ஊத்து. மரத்துக்கு உப்புத் தண்ணி கெடுதல் இல்ல. மூலை முடுக்குல தேங்கற மழைத் தண்ணிதான் மரத்தை உளுக்க வெக்கும். நல்ல தண்ணி நமக்குக் குடிக்கவே லாரிக்கு நிக்கறோம், அதை இன்ஜினுக்கும் விஞ்சுக்கும் கப்பி சக்கரத்துக்கும் வலைக்கும் மட்டும் செலவு பண்ணு.

மரத்துக்கு மேல ஃபைபர் ஒட்டின போட்டுன்னா ஒரு ரூபா காசால தட்டிக்கிட்டே போ. டங்குன்னு கெட்டியா கேட்டா சரி. பொத்துன்னு கேட்டா ஃபைபருக்கும் மரத்துக்கும் நடுவுல தண்ணி போயிருக்கு, சாக்பீஸால வட்டம் போட்டு வெச்சு தச்சனுக்குக் காட்டு. சுக்கான் பக்கத்துலயும் புரொப்பல்லர் பக்கத்துலயும் துத்தநாகக் கட்டி அடிச்சிருப்பாங்க. உப்புத் தண்ணி இரும்பைத் தின்னாம அதைத் தின்னட்டும்னுதான் அது. பாதி கரைஞ்சிருந்தா மாத்திடு, மிச்சம் பிடிக்காதே. அடிப்பாகத்துக்கு சிப்பி ஒட்டாத பெயின்ட் இருக்கே, அதை மே மாசமே அடிச்சிட்டு வெயில்ல காய விட்டா அதோட வீரியம் குறையும். தண்ணில இறக்கறதுக்கு முந்தின சில நாள்ல அடி, டின்ல எத்தனை மணி நேரம் போட்டிருக்கோ அதைப் பாத்து இறக்கு. காசு குறைச்சலா இருந்தா மேல் பெயின்ட்டை விட்டுடு, அடிப் பெயின்ட்டை விடாதே. கேபினுக்குப் பளபளன்னு அடிச்சு சினிமா ஹீரோ படம் வரைஞ்சிட்டு, அடியில பழைய பெயின்ட்டோட போற போட்டு டீசலா குடிக்கும். சர்க்கார் தர்ற தடைக்கால நிவாரணம் வீட்டுச் சோத்துக்கு, அதைப் போட்டுல கொட்ட விடாதே. சீட்டுப் பணம் எடுக்கறதுன்னா ஏப்ரல்லயே எடுத்து வை.

வலையை நல்ல தண்ணில அலசி நிழல்ல காய வை. நைலான் நூலுக்கு வெயில்தான் எமன், பாக்க நல்லா இருக்கும், இழுத்தா பொடியும். குவிச்சுப் போடாம தூக்கிக் கட்டு.

தண்ணிலயே கட்டி வெக்கறதா இருந்தா கயிறுக்குத்தான் முழு கவனம். சென்னையில ஏத்த வத்தம் ஒரு மீட்டர் பக்கம்தான், அதுக்குத் தேவையான தளர்வு மட்டும் குடு. கம்பத்துல உரசற இடத்துல பழைய ஹோஸ் பைப்பைக் கீறி மாட்டிடு. மே மாசம் புயல் வராதுன்னு நெனப்பு வேணாம். 2016 மே மாசம் ரோனு வந்தப்ப கத்திரிக்கு நடுவுல சென்னையில கொட்டுன மழை ஞாபகம் இருக்கா? மழை பெஞ்ச மறுநாள் யாராவது போய் அடியில நிக்கிற தண்ணியை இறைக்கணும். போட்டு பக்கவாட்டுல இடிக்காம இருக்க டயர் தொங்க விடறோமே, ஒவ்வொரு டயர்லயும் கீழ்ப்பக்கம் ஓட்டை போடு. மழைத் தண்ணி நின்னா டெங்கு கொசு அங்கதான் முட்டை போடும், கார்ப்பரேஷன்காரங்க வந்து அபராதம் போட்டா போட்டுக்காரங்க தலையிலதான் விடியும்.

உன் நாத்தனார் திருவொத்தியூர்க் குப்பத்துல ஃபைபர் போட்டு வெச்சிருக்காளே, அவளுக்குத் தடைக்காலம் பிரச்சினை இல்ல, ஐப்பசி கார்த்திகைப் புயல் மழைதான். மோட்டாரைக் கழட்டி நல்ல தண்ணில ஓட விட்டு, பெட்ரோலை மூடி கார்புரேட்டர் காலியாகிற வரைக்கும் ஓட்டி நிறுத்தி, நேரா நிமிர்த்தி வெக்கச் சொல்லு, படுக்கப் போட வேணாம். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல டாங்க்ல வெக்கக் கூடாது. போட்டைக் கவுத்துப் போட்டு ரெண்டு பக்கமும் கட்டினா புயல் காத்துக்குப் பறக்காது.

மே மாசத்துல மீன்வளத் துறைக்காரங்க போட்டுங்களை நேர்ல பாக்க வருவாங்க. அந்தத் தேதிக்குப் போட்டு கண்ணெதிர்ல நிக்கணும், இல்லேன்னா மானிய டீசலுக்கு அலைய விட்டுடுவாங்க. பதிவுப் புத்தகம், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பைல்ல போட்டு வை. பெயின்ட் அடிக்கறப்ப பதிவு எண்ணை மறைச்சிட்டு மறந்துடுவாங்க, அதைப் பாத்துக்கோ. லைஃப் ஜாக்கெட்டையும் எண்ணிப் பாரு, தீ அணைக்கிற சிலிண்டர்ல தேதி பாரு.

ஜூன் 14 அன்னிக்கு ஐஸுக்கும் டீசலுக்கும் ஹார்பரே தேர்த்திருவிழாவா இருக்கும். அதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே போட்டை இறக்கிடு. மரப் போட்டு மொத நாள் ஒழுகத்தான் செய்யும், பலகை ஊறினா தானா இறுகும், அந்த ராத்திரி பம்போட ஒருத்தர் அங்கயே படுக்கட்டும். மறுநாள் குழாய் வாயை மூடின துணியையும் சிவப்புத் துணியையும் எடுத்து, வால்வைத் தெறந்து, ஃபில்டர் அடியில சேர்ந்த தண்ணியை வடிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. புகைக்குழாய்ல தண்ணி வெளிய வருதான்னு மொத நிமிஷத்துலயே பாக்கணும், வரலேன்னா உடனே நிறுத்தணும். அப்புறம் பின்னாடி புரொப்பல்லர் தண்டு வெளிய போற இடத்துல டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லு. ஓடறப்ப நிமிஷத்துக்குச் சில சொட்டு விழுந்தா சரி. ஒண்ணுமே விழலேன்னா பேக்கிங் கயிறை ரொம்ப இறுக்கியிருக்காங்க, தண்டு சூடேறும், கொஞ்சம் தளர்த்தணும். தாரையா வந்தா ஐஸ் ஏத்தாதே, மெக்கானிக்கைக் கூப்பிடு.